ஒரே வரியில் நின்ற பாட்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகுண்ட ஏகாதசி அன்று காலையில், சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. என் வயதில் யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் என்னை எடுக்க ஆள் வந்த விதம் இருக்கிறதே, அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஆறாது.

நான் எட்டாவது வரை படித்தவள். சங்கீதம் கற்றுக்கொண்டதில்லை. ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத்தான் பாட்டு என்றால் உயிர். பம்மலில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். வேலை விட்டு வந்ததும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரு ரெகார்டைப் போட்டுவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொடுவார். அந்தப் பிளேயரைத் துடைப்பதற்குக்கூட என்னை விடமாட்டார். "நீ கை வைக்காதே, ஊசி போயிடும்" என்பார். அவர் போய்விட்டார், ஊசி இருக்கிறது.

அவர் காலமான பிறகு ரொம்ப நாள் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒரே மகள், கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். கீழ் வீட்டில் குடித்தனம் இருப்பவர்கள் கணவன் மனைவி இரண்டு பேர். மாடியில் நான் மட்டும். சாயங்காலம் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி முடித்தால் அப்புறம் அந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. மேலே விமானம் போகும், தூரத்தில் தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் கூவும், அவ்வளவுதான். ஒரு நாள் தாங்க முடியாமல் துணியை எடுத்துவிட்டு அவருடைய ரெகார்டு ஒன்றைப் போட்டேன். முதல் வரி முடிவதற்குள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுத அழுகையில் கீழ் வீட்டுப் பெண் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். தமிழ்ப் பாட்டு எதைப் போட்டாலும் அதே கதிதான். ஒன்று, அவர் கூடவே முணுமுணுத்த பாட்டாக இருக்கும். இல்லாவிட்டால், எங்களுக்குள் சண்டை வந்து பேச்சில்லாமல் இருந்த நாளில் அவர் வேண்டுமென்றே சத்தமாக வைத்த பாட்டாக இருக்கும்.

அதனால்தான் எனக்குத் தெரியாத பாட்டாகத் தேட ஆரம்பித்தேன். எந்தப் பாட்டோடும் எனக்கு ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. பாஷையே புரியக் கூடாது. வீட்டில் மனிதக் குரல் ஒன்று கேட்க வேண்டும், அது என்னை அழவைக்கக் கூடாது. அவ்வளவுதான் என் சங்கீத ஞானம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் காய் வாங்கப் போவேன். ஓரமாகத் தார்ப்பாய் விரித்து, பழைய மிக்ஸி ஜார், நின்றுபோன கடிகாரம், சார்ஜர் ஒயர் இவற்றுக்கு நடுவில் ரெகார்டு அடுக்கி வைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். போகப் போக என்னைப் பார்த்ததுமே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"வாக்கா, உனுக்குன்னு எட்த்து வச்சிக்கீறேன். இது இன்னா பாசைன்னே தெர்ல. தமிழ்ப் பாட்டெல்லாம் காலீலயே ஒர்த்தன் அள்ளிக்கினு பூட்டான். புரியாததெல்லாம் உனுக்குதான்."

"பாட்டு நல்லா இருக்குமாப்பா?"

"நான் இன்னா போட்டா கேட்டேன்? அட்டைல படம் நல்லா கீது பாரு. எட்த்துக்கினு போ. புடிக்கலன்னா அடுத்த வாரம் வந்து திட்டு, நான் எங்க ஓடிடப் போறேன்?"

முருங்கைக் கீரைக்கும் வாழைத்தண்டுக்கும் நடுவில் ரெகார்டைச் செருகிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வந்து, அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துணியால் பதமாகத் துடைப்பேன். புதுத் துணியோ புதுப் பாத்திரமோ எது வாங்கினாலும் முதலில் சாமி முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ரெகார்டையும் அப்படியே. அட்டை மூலையில் சந்தனம் குங்குமம் ஒரு பொட்டு வைத்து, பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போடுவேன்.

போட்டால் என்ன வரும் என்று தெரியாது. அதுதான் அதில் ருசி. ஒன்றில் யாரோ ஒரு ஆள் அதட்டிக்கொண்டே இருந்தார், பின்னால் பியானோ சத்தம். ஏதோ வெளிநாட்டுக் கதாகாலட்சேபம் என்று நினைத்துப் பயபக்தியாக உட்கார்ந்து பல நாள் கேட்டேன். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேட்டுவிட்டு, "அம்மா, அது எக்ஸர்ஸைஸ் ரெகார்டும்மா. கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னு சொல்றான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொன்றில் முழுக்கப் புல்லாங்குழல். மலையில் ஆடு மேய்க்கிறவன் வாசிப்பது போல ஓர் இழுப்பு. அதைக் கேட்கும்போது மட்டும் கீரை ஆய்கிற என் கை நின்றுவிடும். யார் வாசித்தார், எந்த ஊர், உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. எனக்கு அது தெரியவும் வேண்டாமாக இருந்தது.

அப்படி வந்ததுதான் அந்த ரெகார்டு. அட்டையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் விளக்கு, பக்கத்தில் சங்கு. எழுத்தெல்லாம் வட்ட வட்டமாக, ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருந்தது. கீழ் வீட்டுக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலையாளமா இருக்கும்மா" என்றார். போட்டால் முதலில் சங்கு ஊதுகிறது, அப்புறம் பெண்கள் குலவை போடுகிறார்கள், அப்புறம் ஒருத்தி பாட மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுகிறார்கள். கீழ் வீட்டுப் பெண் கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி பாட்டுதாம்மா. சங்கெல்லாம் ஊதுது பாருங்க." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏதோ ஓர் ஊர்க் கோவிலில் அம்பாள் புறப்பாட்டுக்குப் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். தினமும் காலையில், சாமிக்குத் தீபம் காட்டும்போது அதைப் போடுவது பழக்கமாகிவிட்டது.

ஏகாதசிக்கு முதல் நாள் கீழ் வீட்டுப் பெண்ணிடம் நானே சொல்லியிருந்தேன். "நாளைக்கு முழு விரதம். நாமம் சொல்லிட்டு பூஜையிலயே இருப்பேன். யார் வந்தாலும் மேல அனுப்பாதே, நீயும் வந்து சாப்பிட்டீங்களான்னு கேட்காதே." அதற்கு முந்தின வருடம் அவள் பாசத்தில் பாயசத்தைக் கொண்டுவந்து நீட்டி, நான் தடுமாறிப் போனேன். அதற்காக அப்படிச் சொன்னேன்.

விடியற்காலை கோவிலுக்குப் போய் சொர்க்கவாசல் சேவித்துவிட்டு வந்தேன். வீடு மெழுகின மாதிரி துடைத்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, ரெகார்டை வைத்தேன். பூஜைப் பாத்திரம் கொஞ்சம் பாக்கி இருந்தது. பின்னால் வேலை செய்யும்போதும் கேட்கட்டும் என்று சத்தத்தை நன்றாகக் கூட்டிவிட்டு, சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போனேன். அது மூன்று பக்கமும் சுவர் வைத்த சின்ன இடம். வெளியே காலி மனைதான்.

புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாட்டு ஒரு வரியில் நின்றுவிட்டது. கீறல் விழுந்த ரெகார்டு எப்படி நிற்கும் என்று தெரியுமே? அதே வரி, அதே இழுப்பு, முடிந்ததும் மறுபடியும் அதே வரி. ஊசி கெட்டுப்போகுமே என்று எனக்குப் பதறியது. அவர் சொன்ன ஊசி. புளிக் கையோடு அவசரமாக எழுந்து திரும்பினேன். கால் வழுக்கியது. விழுந்ததுகூடத் தெரியவில்லை, உள்ளே ஏதோ கட்டை முறிகிற சத்தம்தான் கேட்டது.

காலை அசைத்தேன். உயிர் போய் உயிர் வந்தது. நகர முடியவில்லை. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டேன். கீழ் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன், அவள் புருஷனைக் கூப்பிட்டேன், கடைசியில் ஒருத்தர் பேரையும் சொல்லாமல் வெறுமனே கத்தினேன். என் குரல் வாசல் பக்கம் போகவே இல்லை. ஹாலில் அந்தப் பெண்கள் நிறுத்தாமல் அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கத்துவதற்கெல்லாம் மேலே அவர்கள் குரல் நின்றது. நானே கூட்டி வைத்த சத்தம்.

அப்போது நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னால் சிரிப்பீர்கள். "பெருமாளே, கரண்டை நிறுத்து" என்று வேண்டினேன். எங்கள் தெருவில் கரண்டு போனால் முதலில் திட்டுகிறவள் நான்தான். அன்றைக்கு, ஒரு தடவை கரண்டு போனால் போதும், பாட்டு நிற்கும், நான் கத்துவது யார் காதிலாவது விழும் என்று, எனக்குத் தெரிந்த எல்லா நாமத்தையும் சொல்லி மன்றாடினேன். கரண்டு போகவில்லை. வெயில் சுவர் மேலிருந்து இறங்கி என் காலுக்கு வந்தது, காலிலிருந்து முகத்துக்கு வந்தது. விரதம் என்பதால் முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. குரலும் போய்விட்டது. மகளுக்கு நாளைக்கு யார் போன் பண்ணிச் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

கீழே நடந்ததை அப்புறம் கீழ் வீட்டுப் பெண்ணே சொன்னாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் ஏகாதசி. போதாததற்கு நாமம் சொல்லப்போவதாக நானே சொல்லியிருக்கிறேன். "அம்மா நாம ஜபத்தை ரெகார்டுலயே போட்டுட்டாங்க" என்று புருஷனிடம் சொன்னாளாம். "எவ்வளவு நேரமா சொல்றாங்க பாரு, நம்மளால முடியுமா?" என்று அவர் வேறு பக்தியாகக் கேட்டாராம். அவள் மேலே பார்த்துக் கைகூப்பிவிட்டு, தானும் கூடவே ஏதோ நாமம் சொல்லிக்கொண்டு உளுந்து களைந்திருக்கிறாள்.

அந்தக் காலி மனையைத் தாண்டி, எங்கள் பின் வீட்டு மாடியில் வடக்கேயிருந்து வந்த பெண்கள் சில பேர் தங்கியிருந்தார்கள். துணி தைக்கிற கம்பெனியில் வேலை. விடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டினதும் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் சமைக்கிற கடுகெண்ணெய் வாடை வந்தால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மற்றபடி அந்தப் பெண்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அன்றைக்கு அதில் ஒருத்தி காய்ச்சலால் லீவு போட்டுவிட்டு அறையில் படுத்திருந்திருக்கிறாள்.

அவள்தான் தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்தவள். கீழ் வீட்டுப் பெண் மறித்திருக்கிறாள்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?"

"அக்கா, மேல பாட்டு. போகணும்."

"மேலல்லாம் போகக் கூடாது. அம்மா விரதம். நாமம் போட்ருக்காங்க. நாமம்னா... சாமி, சாமி பேரு."

"சாமி இல்ல அக்கா. பாட்டு நிக்குது. பாதி வரி."

"பாதியும் இல்ல முழுசும் இல்ல. அது அப்படித்தான் சொல்லணும், நூத்தியெட்டு தடவ, ஆயிரத்தெட்டு தடவ. உங்க ஊர்ல ஏகாதசியெல்லாம் கிடையாதா?"

"இருக்கு அக்கா. ஏகாதசில இந்தப் பாட்டு பாட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிவிட்டாளாம். இவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

படியில் கொலுசுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் எனக்குக் கேட்டது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. "அம்மா, அம்மா" என்று கீழ் வீட்டுப் பெண் கிரில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறாள். நான் பதில் சொல்கிறேன், எனக்கே கேட்கவில்லை. "பார்த்தியா? பூஜையில இருக்காங்க, பதிலே இல்ல. வா போலாம். எனக்குத் திட்டு வாங்கிக் குடுக்காதே" என்கிறாள். அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிரில் கம்பிக்குள் கை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "ஏய், ஏய், எங்க போற?" யாரோ ஹாலுக்குள் வெறுங்காலோடு நடந்தார்கள். பாட்டு நின்றது. ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"ஐயையோ, நாமத்தை நிறுத்தாதடி, பாவம்!" என்று கீழ் வீட்டுப் பெண் அலறினாள்.

அப்புறம் வீடு முழுக்க அமைதி. காலையிலிருந்து நான் கேட்டு அழுத அமைதி. அதில் குத்துவிளக்கின் தண்டைத் தரையில் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம் வழக்கம்போல நடந்தது. மகள் அன்று ராத்திரியே வந்துவிட்டாள். நான் கொஞ்சம் எழுந்து உட்கார ஆரம்பித்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுப் பெண் அந்தப் பின் வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்த பெண். மகளைவிட ரொம்பச் சின்னவள். மூக்கில் பொட்டுப் போல ஒரு மூக்குத்தி. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். அவள் ஒடிசா என்று அன்றைக்குத்தான் தெரியும். நான் மலையாளம் என்று வைத்திருந்தது ஒடியாப் பாட்டு.

"அது எந்தச் சாமி பாட்டும்மா?" என்று கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாமி இல்ல அம்மா. கல்யாணப் பாட்டு. மாப்பிள்ளை சாப்பாடு உக்காந்தாச்சு. பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கிண்டல் பண்ணிப் பாடுது."

"என்னன்னு?"

"மீன் தலை வை, மாப்பிள்ளைக்குப் பெரிய மீன் தலை வை, பூனை மாதிரி பாக்குறான்... அங்கதான் நின்னுடுச்சு."

கீழ் வீட்டுப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். "அட பெருமாளே! ஏகாதசி அதுவுமா மீன் தலைக்கா நான் கைகூப்பிக்கினு நின்னேன்?" நான் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடும் போல வலித்தது. நர்ஸம்மா வந்து எங்களைத் திட்டினார். அந்தப் பாட்டுக்கு எத்தனை நாள் தீபாராதனை காட்டியிருக்கிறேன்! பெருமாளும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சிரித்து முடித்தபிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நான் விழுந்து கிடக்கேன்னு உனக்கு எப்படிம்மா தோணிச்சு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தோணல அம்மா" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஊருக்குப் போய் ரெண்டு வருஷம். போன்ல எங்க பாட்டு இருக்கு. ஆனா அது நான் போடுறது. இது யாரோ போடுறாங்க, ஜன்னல் வழியா வருது. ஊர்ல பக்கத்து வீட்டுல கல்யாணம்னா அப்படித்தான் வரும். அடுத்த வரி எங்க அத்தை நல்லா பாடும். அது வரும், வரும்னு படுத்திட்டு இருந்தேன். வரல. மீதி கேக்கணும்னு வந்தேன்."

அவ்வளவுதான். என்னைத் தேடி யாரும் வரவில்லை. பாட்டின் மீதியைத் தேடி ஒரு பெண் வந்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் அந்த ரெகார்டைத் துடைத்து, கீறலைத் தாண்டி ஊசியை வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் எதிரில் தரையில் உட்கார்ந்து அத்தையின் வரியைக் கேட்டாள். அட்டையில் இருந்த சந்தனப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தாள், அழவும் செய்தாள். அப்புறம் லீவு நாட்களில் வருவாள். சில மாதம் கழித்துக் கம்பெனி அவர்களை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. விடியற்காலையில் வேன் வந்தது, போய்விட்டார்கள். பின் வீட்டு ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. முன்பைப்போலவே சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் வேண்டியபடி கரண்டு போயிருந்தால், என் குரல் அந்தக் காலி மனைக்குத்தான் கேட்டிருக்கும், அவள் காதில் அந்தப் பாட்டு விழுந்தே இருக்காது. இதை உணர எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. என் கூப்பாட்டைக் கேட்டுப் பெருமாள்தான் அவளை அனுப்பினார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, அன்று அவர் செவி சாய்த்தது காய்ச்சலோடு படுத்துத் தன் ஊர்ப் பாட்டுக்கு ஏங்கிய அந்தப் பெண்ணின் மனசுக்குத்தான் என்று தோன்றுகிறது. அவளுக்கென்று அவர் திறந்துவிட்ட வழியில் நானும் கிடந்தேன், அவ்வளவே.